மங்களம் 'அண்ணே' என்று கூப்பிட்ட நாள்

மங்களத்தின் மேல் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் அவள் வாயைத்தான் சொல்ல வேண்டும். கெட்ட வாய் என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் வைய மாட்டாள், புறம் பேச மாட்டாள். ஆனால் எதிரே வருகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் 'அண்ணே' என்று கூப்பிட்டுவிடுகிற வாய் அது. பஸ் ஓட்டுகிறவர் அண்ணே. ரொட்டி சானாய் வீசுகிறவர் அண்ணே. கமுந்திங்கில் அவள் ரப்பர் கிளவுஸ் எண்ணிப் பெட்டியில் போடுகிற கம்பெனியின் வாசல் காவல்காரர் அண்ணே. போன வருஷம் சேர்ந்த சூப்பர்வைசர் பையனுக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும், அவனும் அண்ணே. இந்த மலாய் நாட்டில் அது ஒன்றும் குற்றமில்லை. பெயர் தெரியாத ஆளிடம் வழி கேட்கவும், கடையில் பால் விடாத தே ஓ ஒன்று சொல்லவும், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் நடுவில் ஒரு வேலி போட்டுக்கொள்ளவும் பெண்களுக்கு அதைவிடக் கைக்கு அடக்கமான சொல் கிடையாது.

ஆனாலும் அந்த சனிக்கிழமை லூமுட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்தச் சொல்லின் மேல்தான்.

விஷயம் இது. ஐம்பது தாண்டிய வயதில் மங்களம் ஒரு மாப்பிள்ளையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்ற வார்த்தையை நினைத்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெயர் பத்துமலை. ஆயர் தாவாரில் இருக்கிறவர். செம்பனைக் குலை ஏற்றும் லாரியைப் பாதி ஆயுசு ஓட்டிவிட்டு, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பெண்டாட்டி நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகன் தெற்குக் கோடியில் ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். மங்களத்துக்கும் புருஷன் இல்லை. அவர் போனபோது மகள் தினேஸ்வரி ஆறாம் வகுப்பில் இருந்தாள். இப்போது கல்யாணமாகி ஈப்போவில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று இதை முடுக்கிவிட்டவள் துளசி, மங்களத்தோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறவள், பத்துமலைக்குத் தூரத்துச் சொந்தம்.

பெண் பார்க்கிற சடங்கெல்லாம் தன்னால் ஆகாது என்று மங்களம் முதலிலேயே சொல்லிவிட்டாள். புடவை சரசரக்கத் தட்டோடு வந்து நிற்கிற வயசா இது? இரண்டு பேரையும் யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துச் சந்திக்கலாம் என்றாள். பத்துமலைதான் லூமுட் என்றார். சின்னத் துறைமுக ஊர், காலாற நடக்கலாம், கடல் இருக்கிறது. உட்கார்ந்து பேசினால் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும், நடந்தால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்று துளசியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு பேச்சுதான் மங்களத்தைப் பஸ் ஏற வைத்தது.

ஏறுவதற்கு முன்னால் துளசி கையைப் பிடித்துக்கொண்டு ஓதினாள்.

"அவரு மகன் ஜொகூருக்கு வந்துருங்கன்னு உசுர எடுக்குறான். இன்னிக்கு நீ வேணாம்னா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டுக் கெளம்பிருவாரு. ரெண்டாந் தடவ கேக்குற ஆளு இல்ல லா அவரு. யோசிச்சுச் சொல்லு, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா வாய் தவறி அண்ணேன்னு மட்டும் கூப்பிட்டுத் தொலைச்சிராத."

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. அவர்கள் ஆட்களிடையே சம்பந்தம் பேச வந்த இடத்தில் 'அண்ணே' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாமல், வந்தவர் முகமும் கோணாமல், கதவை மெல்லச் சாத்துகிற வழி அது. மங்களத்தின் சின்னம்மா தோட்டத்தில் அப்படித்தான் ஒருவரைத் திருப்பி அனுப்பினாள். அண்ணனுக்கு இன்னொரு கிளாஸ் கோப்பி ஊற்றட்டுமா என்று சபை நடுவில் கேட்டாளாம். வந்தவர்கள் கோப்பியைக் குடித்துவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்களாம். சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாத சொல் அது. அண்ணன் என்று ஆகிவிட்ட மனுஷனை அப்புறம் எப்படிப் புருஷனாக்குவது?

ஆகவே மங்களம் வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். வணக்கம் சொல்ல வேண்டும். வாங்க, போங்க, நீங்க என்று பேச வேண்டும். கூப்பிடவே கூடாது. கூப்பிடத் தோன்றினால் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். செம்பனை மரங்கள் ஜன்னலில் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, அவளும் செருமிக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா பாவம் என்று இருமல் மிட்டாய் ஒன்று கொடுத்தார்.

லூமுட் பஸ் ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது பத்துமலை எதிர்ப்பக்கம் நின்றார். துளசி காட்டிய படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குட்டை. கட்டம் போட்ட சட்டை, கையில் மடக்கின கறுப்புக் குடை, வாரி ஒட்டவைத்த நரைமுடி. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். அது தெரிந்துவிட்டதில் மங்களத்துக்கு அவர் மேல் ஒரு இரக்கம் வந்தது. அவளை அடையாளம் கண்டுகொண்டு, சிரித்தபடி, வேறெதையும் பார்க்காமல் அவளை நோக்கி நடந்து வந்தார். அந்த நேரம் பார்த்து, ஐஸ் பெட்டி ஏற்றிய வேன் ஒன்று ரிவர்ஸில் அவர் முதுகை நோக்கி வந்தது. ஓட்டுகிறவன் கண்ணாடியைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"அண்ணே! பின்னாடி வேன்!"

பஸ் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பத்துமலை ஒரே துள்ளலில் ஒதுங்கினார், வேன் அவர் குடையின் நுனியை உரசிக்கொண்டு போய் நின்றது. உயிர் தப்பியது. மற்றதெல்லாம் போயிற்று. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்ட மாதிரி ஏதோ ஒன்று உள்ளே அடங்கியது. எக்கியிருந்த வயிற்றையும் விட்டுவிட்டார்.

"நல்லவேள பாத்த, தங்கச்சி," என்றார். "பசியாறியாச்சா?"

தங்கச்சி! மங்களத்துக்குக் காது சுட்டது. இல்லை, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று உடனே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொல்லிப் பாருங்கள், அது எங்கே போய் முடியும் என்று. உங்களை அண்ணனாக நினைக்கவில்லை என்றால், வேறென்னவாக நினைக்கிறாளாம்? பார்த்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் நான் உங்களுக்கு வாக்கப்பட ரெடி என்று நடுத்தெருவில் நின்று ஒரு பெண்பிள்ளை சொல்வாளா? அவளுக்கே இன்னும் தெரியாத ஒன்றை அவள் எப்படிச் சொல்வது? மென்று விழுங்கினாள். இன்னும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மூலையில் இருந்த தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் பத்துமலை ரொட்டி சானாய் சொன்னார். தன் தட்டில் பருப்புக் குழம்பைத் தாராளமாக ஊற்றி, பிசைந்து, சத்தத்தோடு சாப்பிட்டார். இன்னும் மாப்பிள்ளையாகவே இருந்திருந்தால் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றிருப்பார். உன் பஸ் சாயங்காலம்தானே, வந்தது வந்தாச்சு, ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போலாம், வாக்கப்பட்டாத்தான் ஊரு பாக்கணுமா என்று கேட்டுச் சிரித்தார். குரலில் ஒரு துளி வருத்தம் இருந்ததா என்று மங்களம் உற்றுக் கேட்டாள். இருந்தது, ஆனால் அதை அவள் மேல் சுமத்துகிற எண்ணம் அவருக்கு இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்துப் போனதில் அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கடையை விட்டு இறங்கி நடந்தார்கள். பழைய கடை வரிசை, அதன் முன்னால் கருவாடும் நெத்திலியும் சிப்பி மாலையும் விற்கிற பெண்கள், படகுத்துறையில் பங்கோர் தீவுக்குப் போகிற ஃபெரிக்காகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற குடும்பங்கள், வெள்ளை உடுப்பில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போகிற கடற்படைப் பையன்கள். அப்புறம் கடலோர நடைபாதை. ஊர் அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் பத்துமலை பின்தங்கிவிட்டார்.

"தங்கச்சி, யாரும் தொரத்துறாங்களா?"

திரும்பிப் பார்த்தபோதுதான் மங்களத்துக்குத் தெரிந்தது, தான் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று. எங்கே போவதற்கு? எங்கேயும் இல்லை. அவளுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்கு அம்மா ஓடும்போது பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய கால் அது. தோட்டம் செம்பனைக்கு மாறி, ஆட்கள் சிதறி, கமுந்திங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது ஷிப்டு மணிக்கு ஓடிற்று. புருஷனுக்குக் கிட்னி போனபோது ரத்தம் சுத்தம் செய்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் கம்பெனிக்குமாக ஓடிற்று. அவள் நடந்த நடையைக் கூட்டினால் பேராக் மாநிலத்தை எத்தனை தடவை சுற்றியிருப்பாளோ. ஆனால் ஒரு இடத்துக்கும் போகாமல், ஒன்றுக்கும் நேரமாகாமல் நடந்தது என்று ஒரு நாள்கூட இல்லை. இதை அவள் இதுவரை யோசித்ததே கிடையாது. அந்த மனுஷன் மூட்டு வலியோடு பின்னால் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தபோது, நின்று காத்திருந்தபோது, சட்டென்று தோன்றியது.  நல்லவேளை, காலையிலிருந்து பழகியிருந்தாள், ஒரு தடவை செருமிக்கொண்டாள்.

"நான் அண்ணனானதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு," என்றார் அவர், பக்கத்தில் வந்து சேர்ந்து. "இல்லாட்டி இந்த முட்டியோட நிமிந்து நடந்து காட்டியிருக்கணும். சூசா லா, பெரிய கஷ்டம்."

அது உண்மை. ஒரு சொல் அவரை மாப்பிள்ளை வேஷத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவருக்கு மறைக்க வேண்டியது என்று ஒன்றும் இல்லை, அவளுக்கும் இல்லை. மரத்தடியில் ஒரு சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்து, ஃபெரிகள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள். அவர் தன் குறட்டையைப் பற்றிச் சொன்னார். ரசம் மட்டும் வைக்க வராது, மற்றதெல்லாம் சமைப்பேன் என்றார். பெண்டாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது அவளுக்கு எல்லாம் செய்தது இந்தக் கைதான் என்று சொல்லிக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். அதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை.

மங்களம் பேச ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. துளசிக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. புருஷனை எரித்துவிட்டு வந்த அன்று, வீடு நிறையச் சனம் இருக்க, அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். அத்தனை வருஷத்தில் அப்படி அடித்துப் போட்ட மாதிரி தூங்கியதே இல்லை. எழுந்தபோது ஒரு சுகம் இருந்தது உடம்பில். அந்தச் சுகத்தை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. இதை ஃபெரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், ஏன் சொன்னோம் என்று கூசிப்போனாள்.

 "நானும்தான்," என்றார் பத்துமலை. "நல்லாத் தூங்கி எந்திரிச்சேன். எந்திரிச்சு, தூங்கினதுக்கு அழுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை இல்லை. மங்களத்துக்கு அந்த இடத்திலேயே அவர் தோளில் தலையைச் சாய்த்து ஒரு பாட்டம் அழ வேண்டும்போல் இருந்தது. அண்ணன் தோளில்கூட அழலாம்தான். ஆனால் அவளுக்கு வந்த ஆசை தங்கச்சிக்கு வருகிற ஆசை இல்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. போச்சுடா என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். வீடு காலியாக இருப்பதுகூடப் பழகிவிட்டதாம். டிவியைப் போட்டுவிட்டால் சத்தம் இருக்கும். பழகாதது ஒன்றுதான். அவர் பெண்டாட்டி அவர் பெயரைச் சொன்னதே இல்லை. சமையல்கட்டிலிருந்து 'ஏங்க' என்று ஒரு சத்தம் வரும், இவர் எங்கே இருந்தாலும் 'என்னா புள்ள' என்பார். முப்பது வருஷம் அப்படியே ஓடிற்று. இப்போது செம்பனை ஆலைப் பக்கம் போனால் அண்ணே, வேனில் பிள்ளைகளுக்கு அங்கிள், ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா. ஏங்க என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை என்றார். சொல்லிவிட்டு, பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்பதுபோல் குடையைத் தரையில் ஊன்றி எழுந்தார். மங்களம் அவர் வேகத்துக்கு நடந்தாள். மெதுவாக நடக்க அவளுக்கு வந்துவிட்டது.

போகிற வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் இரண்டு பேரையும் பார்த்தார், குடும்பத்துப் பேருக்கா என்று கேட்டார். மங்களம் வாயைத் திறப்பதற்குள் பத்துமலை முந்திக்கொண்டார்.

"தங்கச்சி லா சாமி. தனித்தனியா பண்ணுங்க."

அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற அக்கறையில்தான் சொன்னார். அந்த அக்கறையைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்று இருந்தது மங்களத்துக்கு. தனித்தனியாக விபூதி வாங்கிக்கொண்டு தனித்தனியாகக் கும்பிட்டார்கள். அம்மனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தாயே, என் வாயைத்தான் இப்படிப் படைச்சே, அதைக் கழுவ ஒரு வழியையும் நீயே காட்டு.

அம்மன் அப்போதைக்கு ஒன்றும் காட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் இன்னும் கெட்டது. மலாய்க்காரர் கடையில் புளி மீன் குழம்போடு சோறு வந்தது. பத்துமலை முள் எடுத்துக்கொண்டே, ஒரு அண்ணனாக அவளிடம் ஒன்று சொல்லலாமா என்றார். சொல்லுங்க என்றாள். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம், ஜெயபாலன் என்று பெயர், பக்கத்துச் சித்தியவானில் சொந்த வீடு, பென்ஷன் வருகிறது, குடி கிடையாது, மூட்டு வலி கிடையாது, ஆளும் உயரம். இவ்வளவு நல்ல மனசு இருக்கிற பொண்ணு தனியாக இருக்கக் கூடாது, ஜொகூர் போவதற்கு முன்னால் தானே கூட்டிப் போய்ப் பேசி முடித்து வைக்கிறேன் என்றார்.

ஜொகூர் என்ற சொல் அவள் தட்டில் கல்லாக விழுந்தது. அதற்கு மேல் ஜெயபாலனாம், உயரமாம்.

"மொதல்ல சோத்தத் தின்னுங்க," என்றாள் மங்களம், துளசியையோ தினேஸ்வரியையோ அதட்டுகிற குரலில்.

பத்துமலை மறுபேச்சில்லாமல் தின்றார். தங்கச்சிக்குக் கோபம் ஏன் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. ஜெயபாலன் பேச்சை எடுத்திருக்கக் கூடாது, பாவம் இன்னும் செத்தவர் நினைப்பிலேயே இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார் போல. ஆண்பிள்ளைகள் எண்ணிக்கொள்கிற அழகு அப்படி.

வெயில் சாயத் தொடங்கியது. பேத்திகளுக்குச் சிப்பி மாலையும் அவளுக்கு நெத்திலியும் வாங்கி வருகிறேன் என்று அவர் கருவாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது, குடையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மங்களம் வாசலில் நின்று மகளுக்குப் போன் போட்டாள். தினேஸ்வரி காலையிலிருந்து என்னாச்சு என்னாச்சு என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணேன்னு கூப்பிட்டுட்டேன்டி."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சிரித்து, மூச்சு வாங்கி, அடங்கி, அப்புறம் மகள் மெதுவாகக் கேட்டாள்: "சரி லாம்மா. அப்போ வேணாமா?"

"யாருடி சொன்னா வேணாம்னு?"

வாய் முந்திக்கொண்டது. காலையில் கெடுத்த அதே வாய்தான். ஆனால் இந்தத் தடவை அது சொன்னது பொய்யில்லை.  அதை அவருகிட்டச் சொல்லும்மா, என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது என்றாள் தினேஸ்வரி, குரல் ஒரு மாதிரி கரகரத்தது. அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சொல்வது என்றால் எப்படிச் சொல்வது? பஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழி முழுக்க மங்களம் வார்த்தை தேடினாள். காலையில் நடந்தது ஒரு தவறு என்று ஆரம்பிக்கலாமா? நீங்க ஜொகூர் போகாதீங்க என்று நேராகச் சொல்லலாமா? ஒவ்வொரு தடவையும் தொண்டை வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வேறெதையாவது காட்டினார்: அது பங்கோர் தீவு, அது கடற்படை முகாம், அந்தக் கடையில் கோப்பி நன்றாக இருக்கும். நடை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது. அப்படியே இந்த ஊர் முடியாமல் நீண்டுகொண்டே போனால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சின்ன ஊர், சீக்கிரம் முடிந்துவிட்டது.

பஸ் தயாராக நின்றது. மங்களம் படியில் ஒரு காலை வைத்தாள். பத்துமலை நெத்திலிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். துளசியிடம் தான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லச் சொன்னார். நல்ல நாள், ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்படிப் பேசினேன் என்றார். அவர் கண் அவளைப் பார்க்காமல் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போயிச் சேந்ததும் போன் பண்ணு தங்கச்சி."

இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் இல்லை. மங்களம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அண்ணமாரு ரெண்டு பேரு இருக்காங்க. கூலிம்ல ஒருத்தரு, கிள்ளான்ல ஒருத்தரு. மூணாவதா ஒருத்தரு வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அவள் கணக்கில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். ஆனால் பத்துமலையின் முகம் மலரவில்லை. கறுத்துச் சுண்டிப் போயிற்று. அண்ணன் முறைக்குக்கூடத் தான் லாயக்கில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஜெயபாலன் பேச்சுதான் காரணம் என்று நினைத்தாரோ என்னவோ. கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"சரிம்மா. இனிமே அப்படிக் கூப்பிடல. தப்பா எடுத்துக்காத."

சொல்லிவிட்டுத் திரும்பினார். சிப்பி மாலைப் பை ஆட, வலிக்கிற காலை இழுத்து இழுத்து, பஸ் ஸ்டேஷனைத் தாண்டி அவர் வேன் நின்ற இடத்தைப் பார்த்து நடந்தார். ஏறுங்கக்கா, கதவ சாத்தணும் என்றார் பஸ் ஓட்டுகிறவர். மங்களத்தின் கையில் நெத்திலி இருந்தது, கக்கத்தில் அவருடைய குடை இருந்தது. வழி முழுக்கத் தேடிய வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. அவர் முதுகு போய்க்கொண்டே இருந்தது. இப்போது விட்டால் அந்த முதுகுகூட அவளுக்கு இனிப் பார்க்கக் கிடைக்காது.

"ஏங்க!"

புருஷன் கண்ணை மூடிய அறையை விட்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. அவளுக்கே அது யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. பஸ் ஸ்டேஷனில் எத்தனையோ ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"என்னா புள்ள?" என்றார் பத்துமலை.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே, சமையல்கட்டுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அப்புறம்தான் நின்றார். தான் என்ன சொன்னோம், எதற்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைக்க நேரம் ஆயிற்று. மெல்லத் திரும்பினார். அவர் கண் நிறைந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது.

 மங்களம் கக்கத்தில் இருந்த குடையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"கொடய விட்டுட்டுப் போறீங்க."

அவர் வந்தார். மூட்டு வலி, வயிறு, எதையும் மறைக்காமல், அவருடைய சொந்த வேகத்தில் வந்தார். பஸ் ஓட்டுகிறவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுத்துவிட்டார். படிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பத்துமலை குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காலையில் அந்த வேன் உரசிப் போனதற்குப் பிறகு முதல் தடவையாக ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீயே வச்சிரு," என்றார். "அடுத்த வாரம் கமுந்திங்குக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"ஜொகூரு?"

"அவன் வேணும்னா இங்க வரட்டும் லா."

கதவு சாத்துவதற்கு முன்னால் அவர் கையைத் தூக்கினார்.

"வாரேன்," என்றார். அதற்குப் பின்னால் தங்கச்சி இல்லை.